வயலிற் செய்து பார்க்கும் சோதனைகளும் கணக்கெழுதும் முறையும்
(தெரணியகலைப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு)

தெரணியகலைப் பகுதியில் அடுத்தடுத்துள்ள இரண்டு வயல்கள் ஒரே தன்மையுடையனவாக இருத்தல் அரிது. தேயிலையும் இறப்பரும் வளரும் மலைச்சரிவுகளின் நடுவே, ஒடுங்கிய பள்ளங்களில், வயல்கள் தட்டுத்தட்டாக இறங்கிச் சீதாவாக்கை ஆற்றையும் அதனோடு சேரும் ஓடைகளையும் நோக்கிச் செல்கின்றன. நீர் புகும் வாயிலை அடுத்த தட்டு ஒரு விதமாகவும், மலையடியில் ஊற்று நீர் கசியும் தட்டு வேறு விதமாகவும் விளையும். ஆண்டொன்றில் 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்யும் இடமாதலால், இட்ட பசளையில் ஒரு பங்கு நீரோடு போய்விடுவதும் உண்டு. மரக்கறிப் பாத்திகளின் நிலையும் இத்தகையதே. லயன்களின் பின்னே ஒரு பாத்தியிற் செழிக்கும் பயிற்றை, இருபது யார் தள்ளி மற்றொரு பாத்தியில் வெளிறி நிற்பதைக் காணலாம்.

ஆகவே, நாடு முழுவதற்குமோ ஒரு மாவட்டத்திற்கோ பொதுவாக வகுக்கப்பட்ட சிபாரிசு ஒரு குறித்த வயலில் எவ்வளவு பலிக்கும் என்பதை அவ்வயலிலேயே அறிய வேண்டியிருக்கிறது. புதிய விதையொன்றைக் குறித்தோ பசளையொன்றைக் குறித்தோ பெரும்பாலார் முடிவு செய்யும் விதம் யாது? பக்கத்து வயற்காரர் நன்று என்கிறார். கடைக்காரர் பலரும் வாங்குகின்றனர் என்கிறார். அடுத்த போகத்தில் வயல் முழுவதிலும் அது இடப்படுகிறது. விளைந்தால் புதிய பொருளுக்குப் புகழ். விளையாவிட்டால் மழைக்குப் பழி. விளைவித்தது எது, கெடுத்தது எது என்பது இரு வகையிலும் தெரியாமலே போகிறது. அடகு வைத்தோ கடன்பட்டோ வாங்கிய பசளையாயின் இத் தெரியாமையின் விலை பெரிது.

ஒரு தொழிலில் எழும் ஐயத்தைத் தெளிவான வினாவாக அமைத்து, அவ்வினாவிற்கு விடை தரத்தக்க அளவீடுகளைத் திட்டமிட்டுச் சேர்த்து, பெரும்பணத்தைச் செலவிடுமுன் முடிவு காணும் முறையே வாணிக ஆராய்ச்சி முறை எனப்படும். அரை ஏக்கர் வயலும் கால் ஏக்கர் மரக்கறியும் செய்பவரும் ஒரு வாணிகத்தையே நடத்துகின்றனர். அவர் இம்முறையைக் கைக்கொள்ளுதற்கு வேண்டியவை ஒரு தராசு, ஒரு கயிறு, ஒரு கொப்பி, ஒரு நாணயம் ஆகிய நான்குமே.

தோட்டத்துப் பதிவேடு

இப்பகுதியிலுள்ளோருக்குப் பதிவேடு புதியதொன்று அன்று. தோட்டங்களிலே அன்றாடம் வேலைக்கு வந்தோர் பெயர் செக்ரோலில் ஏறுகிறது. கொழுந்து நிறுக்கப்பட்டு ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதப்படுகிறது. எந்த மலைக்கு எப்பொழுது எவ்வளவு பசளை இடப்பட்டது, எந்த ஆண்டு கவ்வாத்து வெட்டப்பட்டது என்பவற்றையும் ஏட்டைப் புரட்டிக் கூறலாம். மழைமானி வைத்து நாள்தோறும் மழையை அளந்தெழுதும் தோட்டங்களும் உள. 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலும், தாழ்நாட்டுத் தேயிலைக்கென இரத்தினபுரியிலும் சோதனைகளை நடத்தித் தோட்டங்களுக்குப் பசளைச் சிபாரிசுகளை வழங்குகிறது. தோட்ட நிருவாகம் ஒரு புதிய பசளையை வாங்குமுன் அது எங்கே, எத்தனை ஆண்டு சோதிக்கப்பட்டது என்று கேட்கிறது.

ஆயினும் பகலிலே தாம் பறித்த கொழுந்தின் நிறையை ஒரு கிலோவும் விடாமற் கேட்டறியும் தொழிலாளி, மாலையிலே தம் பாத்தியிற் பறித்த பாகற்காயை நிறுக்காமலே விற்றுவிடுகிறார். போகம் முடிந்தபின் இலாபமா நட்டமா என்று கேட்டால், “பரவாயில்லை” என்பதே பெரும்பாலும் விடை. தோட்டத்திற்கு இன்றியமையாத கணக்கு தம் சொந்த நிலத்திற்கு வேண்டாததாய்ப் போனமைக்குத் தக்க காரணம் ஒன்றும் இல்லை.

இம்முறை எங்கே உருவாயிற்று

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் என்னும் பியர் வடிசாலையில் 1899 இல் வில்லியம் கொசெற் என்பவர் வேலைக்கமர்ந்தார். வடிசாலைக்கு நல்ல பார்லி வேண்டும். எந்தப் பார்லி இனம் சிறந்தது என்றறியச் சில பாத்திகளிலே பயிரிட்டுப் பார்த்தல் இயலும். ஆயிரம் பாத்திகளிலே பயிரிடுதல் இயலாது. நாலைந்து பாத்திகளின் அளவைக் கொண்டு பல்லாயிரம் பவுண் பெறுமதியான கொள்வனவை முடிவு செய்யலாமா என்பதே அவர் முன் நின்ற வினா. சிறு தொகையான அளவீடுகளை எவ்வளவுக்கு நம்பலாம் என்று கணிக்கும் வழியை அவர் கண்டு, 1908 இல் ‘மாணவன்’ என்று பொருள்படும் புனைபெயரில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் அம்முறை ஒரு வடிசாலையின் பார்லிக் கவலையிலே பிறந்ததாகும்.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு முன்னரே, 1843 இல், கோதுமை வயலொன்று நீண்ட பாத்திகளாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு பசளைகள் இடப்பட்டன. ஒரு பாத்திக்கு மட்டும் எப்பசளையும் இடப்படவில்லை. அச்சோதனை இன்றும் நடைபெறுகிறது. பசளையிடாத பாத்தி ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 1 தொன் தானியமே தருகிறது. பசளையிட்ட பாத்திகள் அதனிலும் பன்மடங்கு தருகின்றன. ஒன்றும் இடாத அப்பாத்தி இல்லாதிருப்பின் மற்றையவற்றின் விளைச்சலுள் எவ்வளவு பசளையால் வந்தது, எவ்வளவு மண்ணால் வந்தது என்று ஒருவராலும் கூற முடிந்திராது.

அந்நிலையத்தில் 1919 இற் சேர்ந்த றொனல்ட் பிஷர், சோதனையை அமைக்கும் விதிகளை 1935 இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணம் தேயிலை நாட்டாருக்குச் சுவை தரத்தக்கது. கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைக் குடித்துப் பார்த்தே கூறுவேன் என்கிறாள் ஒரு பெண். இதை எவ்வாறு சோதிப்பது? ஒவ்வொரு விதத்திலும் ஒரு கோப்பை கொடுத்தால், ஒன்றுமறியாதவளும் இரண்டுக்கு ஒரு முறை சரியாகக் கூறிவிடுவாள். ஆகவே பால் முதலாக 4 கோப்பையும் தேநீர் முதலாக 4 கோப்பையும் கலந்து, சீட்டெடுத்து வந்த ஒழுங்கில் கொடுக்க வேண்டும். எட்டினுள் அந்நான்கையும் குருட்டாம்போக்கிற் சரியாகப் பிரித்தெடுத்தல் 70 இல் ஒரு முறையே நிகழக்கூடும். வயலிற் செய்யும் சோதனைக்கு வேண்டிய விதிகள் அனைத்தும் இத் தேநீர்க் கோப்பைகளுள் அடங்கியுள்ளன: இரண்டை ஒப்பிடுக, பலமுறை ஒப்பிடுக, எது எங்கே என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும்.

2021 ஆம் ஆண்டு

சோதித்துக் குறித்து வைத்த எண்கள் எப்பொழுது பயன்படும் என்பதை 2021 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவெம்பரில் தடை நீக்கப்பட்ட போதிலும் 2021/22 பெரும்போகத்துக்கு வேண்டிய பசளை உரிய காலத்திற் கிடைக்கவில்லை. நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை மட்டும் இட்டால் தம் வயல் எவ்வளவு தரும் என்பதை முன்னரே ஒரு சிறு தட்டிற் செய்து பார்த்திருந்த கமக்காரர், எவ்வளவு நிலத்தில் நெல் விதைப்பது, வீட்டுக்கு எத்தனை மாத அரிசி குறையும், எவ்வளவுக்குக் கடன்படாமல் நிற்பது என்பவற்றைக் கணக்கிட்டே தீர்மானித்திருக்கலாம். அத்தகைய தட்டு பெரும்பாலாரிடம் இருக்கவில்லை. பசளை கிடைக்கும் காலத்திலேயே ஒரு சிறு தட்டைப் பசளையின்றியும், மற்றொன்றைக் கூட்டெருவும் வைக்கோலும் மட்டும் இட்டும் வைத்தல் வீண்செலவு ஆகாது. இரண்டு பேர்ச் நிலத்தில் இழக்கும் நெல் சில கிலோவே.

ஒரு வினா, ஒரு போகம்

ஒரு போகத்தில் ஒரே வினாவை எடுத்துக்கொள்க. விதையினத்தையும் பசளை அளவையும் நடுகை முறையையும் ஒருங்கே மாற்றினால் விளைச்சல் கூடினும் குறையினும் காரணம் தெரியாது. வினா பணத்தோடு தொடர்புடையதாயும், விடை எதுவாயினும் அடுத்த போகத்தின் செய்கையை மாற்றக்கூடியதாயும் இருத்தல் வேண்டும். விடை தெரிந்தும் ஒன்றும் மாறப்போவதில்லையெனில் அச்சோதனை வேண்டியதில்லை.

இங்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளப்படும். வீசி விதைக்கும் வயலுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் விதைநெல் போதுமென்பது திணைக்களத்தின் சிபாரிசு. களையை அடக்குமென்று கருதி 3 புசலும் அதற்கு மேலும் விதைப்போர் பலர். மிகுதியான ஒரு புசல் தன் விலையை மீட்டுத் தருகிறதா என்பதே வினா.

இதற்கு நான்கு தட்டுகளைத் தெரிந்து ஒவ்வொன்றையும் இரு பாதியாகப் பிரிக்க வேண்டும். மேற்றட்டு முழுவதிலும் 2 புசல் அளவாகவும் கீழ்த்தட்டு முழுவதிலும் 3 புசல் அளவாகவும் விதைத்துப் பார்ப்பது பயனற்றது. அவ்வாறு செய்தால் விதையின் வேறுபாடும் மண்ணின் வேறுபாடும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிரிக்கும் கோடும் நீரோட்டத்தின் வழியே செல்லுதல் நன்று. அப்பொழுது ஒவ்வொரு பாதிக்கும் தட்டின் மேற்புறமும் கீழ்ப்புறமும் சமமாகக் கிடைக்கும். எப்பாதிக்கு எது என்பதைத் தட்டுத்தோறும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்க. தாமே தெரிந்தால், விருப்பமான முறைக்குத் தம்மை அறியாமலே நல்ல பாதியைக் கொடுத்துவிடுவர். இது எவ்வளவு நேர்மையானவருக்கும் நேரும்.

விதையளவைச் சோதிப்பதற்கு நடுவே ஒரு கயிறு போதும். பசளையைச் சோதிப்பதாயின் வரம்பு கட்டாயம் வேண்டும். நீர் பசளையைப் பக்கத்துப் பாதிக்குக் கொண்டு சென்றுவிடும். மேற்றட்டின் கழிநீர் கீழ்த்தட்டில் விழும் இப்பகுதி வயல்களில், பசளையிட்ட பின் சில நாட்களுக்கு வாயிலை அடைத்து வைத்தலும் அவசியம். களையெடுத்தல், மேற்கட்டுப் பசளை, நீர் நிறுத்துதல் முதலியன இரு பாதிகளுக்கும் ஒரே நாளில் ஒரே விதமாக நடைபெற வேண்டும். சோதனைப் பாதி என்று ஒன்றைச் செல்லமாக வளர்ப்பின் சோதனை கெட்டது.

அறுவடையில் அளத்தல்

ஒரு பேர்ச் என்பது 16½ அடிச் சதுரம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஆதலின் ஒரு பேர்ச் நிலத்தின் நெல்லைக் கிலோவில் நிறுத்து 160 ஆற் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வரும். அதனை 20.86 ஆற் பிரித்தால் புசல் தொகை கிடைக்கும். பேர்ச்சுக்கு ஒரு கிலோ கூடினால் ஏக்கருக்கு ஏழரைப் புசலுக்குச் சற்று மேற்படக் கூடிற்று என்று மனத்திற் கொள்ளலாம்.

நான்கு முளைகளை 16½ அடிக்கு ஒன்றாக நட்டுக் கயிறு கட்டுக. இரு மூலைவிட்டங்களும் 23 அடி 4 அங்குலமாக இருப்பின் அது சரியான சதுரம். ஒன்று நீண்டு மற்றொன்று குறைந்திருப்பின் முளையைத் திருத்துக. தட்டு ஒடுங்கியதாயின் 33 அடி நீளமும் 8¼ அடி அகலமும் கொண்ட துண்டும் ஒரு பேர்ச்சே. வரம்போரத்துப் பயிருக்கு வெயிலும் இடமும் மிகுதியாகக் கிடைப்பதால் அது தனியே செழிக்கும். ஆகவே வரம்பிலிருந்து மூன்றடியாவது உள்ளே தள்ளி அளக்க வேண்டும். நல்ல கதிரைக் கண்டு முளையை அங்கே நகர்த்துதல் ஆகாது. ஒவ்வொரு துண்டின் நெல்லையும் தனிச் சாக்கிலிட்டு, அடையாளச் சீட்டைச் சாக்கின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே பாயில் ஒரே வெயிலிற் காயவைத்து, ஒரே நாளில் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். ஈரநெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒப்பிட்டு ஏமாந்தோர் பலர்.

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. நீர்வாயிலை அடுத்த முதலாம் தட்டில், பேர்ச் ஒன்றிற்கு, 2 புசல் பாதி 13.2 கிலோவும் 3 புசல் பாதி 13.0 கிலோவும் தந்தன. இரண்டாம் தட்டில் 12.1 கிலோவும் 12.6 கிலோவும், மூன்றாந் தட்டில் 11.4 கிலோவும் 11.2 கிலோவும்; மலையடியை ஒட்டிய நாலாந் தட்டில் 8.3 கிலோவும் 9.1 கிலோவும். சராசரி 2 புசலுக்கு 11.25 கிலோ, 3 புசலுக்கு 11.475 கிலோ. ஏக்கருக்கு 36 கிலோ மிகுதி.

சராசரியை மட்டும் பார்ப்பவர் 3 புசலே நன்று என்று கூறிவிடுவார். தட்டுத் தட்டாகப் பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். இரண்டு தட்டுகளில் 3 புசல் மிகுந்தது. இரண்டு தட்டுகளில் 2 புசல் மிகுந்தது. இத்தகைய விடையை நாணயத்தைச் சுண்டியும் பெறலாம். நான்கு தட்டுகளிலும் 3 புசலே மிகுந்திருப்பினும், அது தற்செயலாக நிகழ 16 இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு தட்டுகளாயின் 64 இல் ஒன்று. ஆகையாற்றான் தட்டுகளின் தொகையைக் கூட்டுவதும், மறுபோகத்திலும் செய்து பார்ப்பதும் வேண்டும். இனி, அந்த 36 கிலோவை உண்மையென்றே கொண்டாலும், அதற்காக ஏறத்தாழ 21 கிலோ விதைநெல் மிகுதியாகச் செலவாயிற்று. விதைநெல்லின் விலையோ சாதாரண நெல்லின் விலையிலும் கூடியது. மிஞ்சுவது மிகச் சிறிது.

இச்சோதனையின் பெரும்பயன் கேட்ட வினாவிற் கிடைக்கவில்லை. கேளாத வினாவிற் கிடைத்தது. விதையளவால் வந்த வேறுபாடு கால் கிலோவிற்கும் குறைவு. முதலாம் தட்டிற்கும் நாலாந் தட்டிற்கும் உள்ள வேறுபாடு நாலு கிலோவிற்கும் மேல். ஏக்கருக்கு 30 புசலுக்கு மேற்பட்ட இழப்பு. அளவாமலிருந்த வரையில் அத்தட்டு “கொஞ்சம் மட்டம்” என்ற அளவிலேயே பேசப்பட்டு வந்திருக்கும்.

நாலாந் தட்டின் நோய்

ஈரவலயத்துப் பள்ளத்து வயல்களில் இத்தகைய இழப்புக்குப் பெரும்பாலும் காரணம் இரும்பு நச்சாகும். நீர் தேங்கிக் காற்றோட்டம் அற்ற மண்ணில் இரும்பு கரைந்த நிலையை அடைகிறது. மேட்டுநிலச் சரிவிலிருந்து கசியும் நீரும் அதனைக் கொண்டு வந்து மலையடித் தட்டிற் சேர்க்கிறது. நீரின்மேல் எண்ணெய் போன்ற செந்நிறப் படலம் மிதக்கும். முதிர்ந்த இலைகளின் நுனியில் கபிலப் புள்ளிகள் தோன்றிப் பின்னர் இலை முழுதும் செம்மஞ்சளாகும். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் செங்கபிலப் பூச்சுக் காணப்படும். இதைப் பசளைக் குறையென்று கருதி யூரியாவை மேலும் மேலும் இடுவோர் பணத்தையே இழக்கின்றனர்.

மலையடியில், வயலுக்கும் சரிவுக்கும் இடையே, ஆழமான வடிகான் ஒன்றை வெட்டிக் கசிநீரைத் திருப்புதலும், இடையிடையே நீரை வடித்து வயலை ஆறவிடுதலும், பொட்டாசுப் பசளையைக் குறைவின்றி இடுதலும், நச்சைத் தாங்கும் இனத்தை விதைத்தலும் பரிகாரங்களாம். பொம்புவலை நெல் ஆராய்ச்சி நிலையம் தாழ்நாட்டு ஈரவலயத்துக்கென இனங்களை உருவாக்கி வந்துள்ளது. அவற்றுட் சில இரும்பு நச்சைத் தாங்குவன. ‘பி.டபிள்யூ.’ என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் இனங்கள் பொம்புவலைக்குரியவை; ‘பி.ஜி.’ என்பன பத்தலகொடைக்கும் ‘ஏ.ரி.’ என்பன அம்பலாந்தோட்டைக்கும் உரியவை. புகழ்பெற்ற எச்-4 இனம் 1958 இல் வெளியிடப்பட்டது முதல், புதிய இனங்கள் பல இடங்களிற் சோதிக்கப்பட்டே கமக்காரரின் கைக்கு வருகின்றன. எனினும் இந்த நாலாந் தட்டில் எது தாங்கும் என்பதை நாலாந் தட்டிலேயே பார்க்க வேண்டும். அடுத்த போகத்தின் வினா இவ்வாறு தானே அமைந்துவிடுகிறது: அத்தட்டைப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான இனமும் மறு பாதியில் தாங்கும் இனமும் விதைத்தல். வடிகானைப் பாதித் தட்டுக்கு மட்டும் வெட்ட இயலாதாகையால் அதனை அதற்கடுத்த போகத்திற்கு வைத்து, வெட்டுவதற்கு முன்னைய விளைச்சலையும் பின்னைய விளைச்சலையும் முதலாம் தட்டின் விளைச்சலோடு சேர்த்து ஒப்பிட வேண்டும். முதலாம் தட்டும் அவ்வாண்டு கூடியிருப்பின் பெருமை வடிகானுக்கு உரியது ஆகாது, பருவத்திற்கு உரியது.

பருவத்தை அறிவதற்கு மழைக் கணக்கு வேண்டும். அண்மையிலுள்ள தோட்டத்து அலுவலகத்திற் கேட்டுப் பெறலாம். இயலாதபோது, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரப்பேணியொன்றை மரநிழலும் கூரையும் படாத வெளியில் மட்டமாக வைத்து, தினமும் காலையில் நீரின் ஆழத்தை மில்லிமீற்றர்க் கோலால் அளந்து எழுதிப் பின் கொட்டிவிடுக. யூரியா இட்ட மறுநாள் 80 மில்லிமீற்றர் மழை பெய்ததென்று கொப்பியில் இருப்பின், பயிர் பச்சை பிடிக்காததற்குப் பசளைக் கடைக்காரரோடு சண்டையிட வேண்டியதில்லை.

மரக்கறியில் நிறையும் விலையும்

நெல்லை ஒருமுறை அறுத்து ஒருமுறை நிறுக்கிறோம். பாகல், பயிற்றை, கத்தரி, வெண்டி ஆகியவற்றைப் பலமுறை பறிக்கிறோம். ஆகவே மரக்கறிச் சோதனையில் ஒவ்வொரு பறிப்பின் நாளும் நிறையும் அன்று கிடைத்த விலையும் எழுதப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, டொலமைற் இட்ட பாகற்பாத்தி 40 கிலோவும் இடாத பாத்தி 44 கிலோவும் தந்தன எனக் கொள்வோம். நிறையை மட்டும் பார்த்தால் டொலமைற் வீண். ஆனால் முதற்பாத்தி முந்திக் காய்த்து, கிலோ 200 ரூபா விற்றபோது 20 கிலோவும் 100 ரூபாவுக்கு இறங்கியபின் 20 கிலோவும் தந்து 6,000 ரூபா ஈட்டியது. மற்றையது 200 ரூபாவிற்கு 10 கிலோவும் 100 ரூபாவிற்கு 34 கிலோவும் தந்து 5,400 ரூபாவே ஈட்டியது. இத்தகைய சோதனைக்கும் இரு பாத்திகள் போதா. குறைந்தது நாலு சோடி வேண்டும். பற்றீரியா வாடல் கண்ட கத்தரிப் பாத்திகளில் ஒவ்வொரு வாரமும் வாடிய செடிகளை எண்ணி எழுதுதலும் பயனுடையது.

செலவுப் பக்கத்திலே பெரும்பாலும் விடுபடுவது குடும்பத்தாரின் உழைப்பு. விவசாயத் திணைக்களம் வெளியிடும் உற்பத்திச் செலவு அறிக்கைகளில், வீட்டாரின் உழைப்பையும் சொந்த விதையையும் விலை மதித்துச் சேர்த்த இலாபம் ஒன்றும், சேர்க்காத இலாபம் ஒன்றுமாக இரண்டு காட்டப்படுகின்றன. கமக்காரரும் அவ்வாறே இரண்டையும் எழுதுதல் வேண்டும். சேர்க்காத கணக்கில் இலாபமாகவும் சேர்த்த கணக்கில் நட்டமாகவும் தோன்றும் பயிர், அந்நாட்களிலே தோட்டத்திற் பேர் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தைத் தின்ற பயிராகும். வேறு வேலை கிடைக்காத நாட்களில் மனைவியும் பிள்ளைகளும் பார்த்த பயிராயின் அதே கணக்கை வேறு விதமாக நோக்கலாம். ஆதலால் எந்த நாளில் யார் எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்தலே சிறந்தது.

சந்தையில் விசாரித்தல்

எதைப் பயிரிடுவது என்பதற்கு விசாரணையே சோதனை. பாகலின் முதற் பறிப்புக்கு விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். இன்று பாகல் விலை உயர்ந்துள்ளதென்று இன்று விதைப்பவர், இரண்டு மாதத்துக்குப் பின்னைய விலையையே பெறுவார். அவரைப் போலவே எண்ணி விதைத்த பலரும் அன்று சந்தைக்கு வருவர். ஆகவே பார்க்க வேண்டியது பறிக்கும் மாதத்தில் கடந்த ஆண்டுகளில் நின்ற விலை. வாரச் சந்தைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு மரக்கறிகளின் விலையைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வந்தால் இரண்டு ஆண்டில் எவரிடமும் கேளாமல் அறியலாம். 1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மையத்தினதும் ஏனைய சந்தைகளினதும் விலைகளை, 1972 இல் நிறுவப்பட்ட கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் தொகுத்து வெளியிடுகிறது. அவற்றை விவசாயப் போதனாசிரியர் மூலம் பார்க்கலாம்.

பிறரைக் கேட்கும்போது யாரைக் கேட்பது என்பது பெரிது. இஞ்சியில் இலாபம் கண்டவர் தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பேசுகிறார். கிழங்கு அழுகி இழந்தவர் பேசாமலிருக்கிறார். கடையிலே கேட்டவருக்கு இஞ்சி பொன் விளையும் பயிராகத் தோன்றும். கமக்காரர் அமைப்பின் பெயர்ப்பட்டியலில் இஞ்சி செய்தோர் எல்லாரையும் குறித்து, சீட்டெடுத்துப் பத்துப் பேரைத் தெரிந்து, வீட்டுக்குச் சென்று கேட்க வேண்டும். “இஞ்சி நல்லதா?” என்பது கேள்வி ஆகாது. எவ்வளவு நட்டீர்கள், எவ்வளவு கிண்டினீர்கள், என்ன விலைக்கு யாருக்கு விற்றீர்கள், மறுமுறையும் நட்டீர்களா என்பவையே கேள்விகள். கடைசிக் கேள்விக்கான விடை மற்றையவற்றிலும் உண்மையானது.

கொப்பி

பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் அப்பியாசக் கொப்பி ஒன்று போகத்துக்குப் போதும். முதற்பக்கத்தில் வயலின் படத்தை வரைந்து தட்டுகளுக்கு இலக்கமிட்டு, எப்பாதியில் எது என்று குறிக்க வேண்டும். நினைவை நம்பிப் பின்னர் எழுதுவோம் என்று விட்டவர்கள் அறுவடையில் எந்தப் பாதி எதுவென்று மயங்குவர். விதைச் சாக்கின் சீட்டையும் பசளைப் பற்றுச்சீட்டையும் அங்கேயே ஒட்டி வைக்கலாம். அதன்பின் நாள், செய்த வேலை, செய்தோர், செலவு, மழை, கண்டவை என்று கோடிட்டு அன்றன்றே எழுத வேண்டும். பெரியோருக்கு எழுத வசதியில்லாவிடின் வீட்டிற் படிக்கும் பிள்ளை எழுதட்டும். காட்டுப்பன்றி ஒரு பாதியை உழக்கிவிட்டால் அதையும் எழுதி, அத்தட்டின் இரு பாதிகளையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். கெட்ட பாதியை மட்டும் நீக்குவதும், எதிர்பார்த்தபடி வராத தட்டை மறைப்பதும் தம்மைத் தாமே ஏமாற்றுவதாகும்.

வாரத்துக்கு வயல் செய்வோர் விதைக்குமுன் நிலவுடைமையாளருக்குத் திட்டத்தைக் கூறி, சோதனைத் துண்டின் நெல் நிறுத்த பின்னரே பங்கிடப்படும் என்று பேசிக்கொள்ள வேண்டும். தோட்டக் காணியில் மரக்கறி செய்வோர் மரத்தை வெட்டவோ கானை மாற்றவோ நேரின் முன்னரே நிருவாகத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

சிறுபோகத்தில் இச்சோதனையைத் தொடங்க விரும்புவோர் பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும்போதே ஒவ்வொரு தட்டையும் சுற்றிப் பார்த்து, மெலிந்த இடங்களையும் செந்நிறப் படலம் உள்ள இடங்களையும் படத்திற் குறித்து வைக்க வேண்டும். அறுவடையும் உழவும் முடிந்தபின் எல்லாத் தட்டுகளும் ஒரே சேறாகத் தோன்றும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக அப்படத்தைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டு சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டினால், எந்தத் தட்டுகளைச் சோடியாக்குவது என்பதை அவரோடு இருந்து முடிவு செய்து கொள்ளலாம்.